பெட்டிப் போர் – 6: சட்டை வேறு, குடல் ஒன்று

நாற்காலி தரையில் விழுந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

டோக்கியோ, சேகா வீடியோ கேம் கம்பெனியின் தலைமை அலுவலகம். அமெரிக்கக் கிளையின் புதுத் தலைவர் டாம் காலின்ஸ்கே தன் திட்டத்தைச் சொல்லி முடித்துவிட்டார். சுற்றி உட்கார்ந்திருந்த ஜப்பானிய அதிகாரிகள் ஒருவர் பாக்கியில்லாமல் அதை மறுத்துவிட்டார்கள். கம்பெனித் தலைவர் ஹயாவோ நகாயாமா எழுந்தார், நாற்காலியை ஓர் உதை விட்டார், கதவை நோக்கி நடந்தார்.

கதவருகே நின்றார். திரும்பினார். நீ சொன்ன எதையும் இங்கே யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் அமெரிக்காவில் என்ன செய்வது என்பதை நீயே முடிவு செய்துகொள்ளலாம் என்று சொல்லித்தான் உன்னை அழைத்துவந்தேன், போய்ச் செய் என்ற பொருள்படப் பேசிவிட்டு வெளியே போய்விட்டார்.

பிற்காலத்துப் பேட்டிகளில் இதைச் சொன்னவர் காலின்ஸ்கேயேதான். மாட்டெல் கம்பெனியில் பார்பி பொம்மை விற்றுப் பேர் வாங்கிய மனிதர். ஹவாய்க் கடற்கரையில் குடும்பத்தோடு விடுமுறையில் கிடந்தவரை நகாயாமா தேடிப் பிடித்த கதையையும் சுவையாகவே சொல்வார். ஆகவே அந்த உதையின் வேகத்தில் நான் கொஞ்சம் கழித்துக்கொள்கிறேன். அதன் பிறகு நடந்ததில் கழிக்க ஒன்றுமில்லை.

அப்படி என்ன இருந்தது அந்தத் திட்டத்தில்? ஜெனிசிஸ் பெட்டியின் விலையை 189 டாலரிலிருந்து 149-க்கு இறக்க வேண்டும். அமெரிக்கப் பையன்களுக்குப் பிடித்த ஆட்டங்களை அமெரிக்காவிலேயே ஆள் வைத்து எழுத வேண்டும். விளம்பரத்தில் போட்டிக் கம்பெனியான நின்டெண்டோவைப் பெயர் சொல்லியே கேலி செய்ய வேண்டும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கம்பெனி பொத்திப் பொத்தி வளர்த்துக்கொண்டிருந்த சோனிக் என்ற புது ஆட்டத்தைப் பெட்டியோடு சும்மா கொடுத்துவிட வேண்டும் என்றாரே, அங்கேதான் முகங்கள் கறுத்தன. இந்தத் தொழிலில் லாபமே கேசட்டில்தான். பெட்டியை விற்பதே பின்னால் கேசட் விற்கத்தான். நல்ல கேசட்டையே இனாமாகக் கொடுத்தால் மிச்சம் என்ன?

நம் சீமைக்காரர்களுக்கு இந்த உத்தி பழையது. 1906 அக்டோபர் 16-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். தூத்துக்குடி–கொழும்புக் கடலில் அதுவரை தனிக்காட்டு ராஜாவாக இருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, முடிவில் காசே வேண்டாம், ஏறினால் போதும் என்றது. ஏறியவர்கள் கையில் ஆளுக்கொரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். ஒரு வித்தியாசம் உண்டு: தூத்துக்குடியில் குடை கொடுத்தவன் சந்தையைக் கையில் வைத்திருந்த பெரியவன். 1991-ல் குடை கொடுக்கக் கிளம்பியவன் சின்னவன்.

சுதேசிக் கம்பெனி நொடித்த கோபம் எங்கே போய் முடிந்தது என்பது தென்காசி வட்டாரத்துக்குத் தெரிந்த கதை. 1911 ஜூன் 17-ல் மணியாச்சி சந்திப்பில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு நாடு இருந்தது. எனக்கு இந்தப் பெட்டி பெரிது, உனக்கு அந்தப் பெட்டி பெரிது என்று சட்டையைப் பிடிக்கிற பையனின் கோபத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது? இந்தத் தொடரை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்வியால்தான்.

★

காலின்ஸ்கே எதிர்த்தது யாரை என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். கியோட்டோவில் 1889-ல் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நின்டெண்டோ, நூறு வருடம் கழித்து அமெரிக்க வீடியோ கேம் சந்தையில் பத்தில் ஒன்பது பங்கை வைத்திருந்தது. அங்கே விற்ற பெட்டிக்குள் ஒரு காவல் சிப் உட்கார்ந்திருந்தது. கேசட்டுக்குள் அதற்கு ஜோடியாக இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டால்தான் ஆட்டம் ஓடும். ஜோடி சிப் நின்டெண்டோவிடம் மட்டுமே கிடைக்கும். ஆட்டம் எழுதும் கம்பெனிகள் அதனிடமே கேசட் செய்து வாங்க வேண்டும், வருடத்துக்கு ஐந்துக்கு மேல் வெளியிடக் கூடாது, வெளியிட்டதை இரண்டு வருடத்துக்கு வேறு பெட்டிக்குக் கொடுக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போட்டார்கள்.

கடைக்காரர்களுக்கும் பயம். ஜெனிசிஸை அடுக்கில் வைக்க வால்மார்ட் மறுத்ததாம். அந்தக் கம்பெனியின் தலைமையகம் இருக்கும் பென்டன்வில் என்ற சின்ன ஊரிலேயே சேகா ஒரு கடையைப் பிடித்துப் பெட்டிகளைப் பரப்பி, வருகிறவர்கள் எல்லாம் இலவசமாக ஆடலாம் என்று அறிவித்தது. ஊரெங்கும் விளம்பரப் பலகை. அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகளே அங்கே போய் உட்கார்ந்தால் அப்பாக்கள் எத்தனை நாள் தாங்குவார்கள்? வால்மார்ட் வழிக்கு வந்தது. இதுவும் காலின்ஸ்கே சொன்னதுதான், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

1991 ஜூன் 23-ல் சோனிக் வெளிவந்தது. நவோத்தோ ஓஷிமா வரைந்த நீல முள்ளெலி, யூஜி நாகா எழுதிய நிரல். நின்டெண்டோவின் மேரியோ தாவித் தாவி நாணயம் பொறுக்கிய காலத்தில் இது திரையைக் கிழித்துக்கொண்டு ஓடியது. நின்டெண்டோ என்றால் தம்பிக்கு, சேகா என்றால் அண்ணனுக்கு என்று விளம்பரங்கள் சொல்லாமல் சொல்லின. பதிமூன்று வயதுப் பையனுக்கு இதைவிடப் பெரிய ஆசை காட்ட முடியாது. அவன் வாங்கியது முள்ளெலியை அல்ல, இரண்டு வயதை.

அந்தக் காவல் சிப்பை மட்டும் மறந்துவிடாதீர்கள். அது இல்லாத பெட்டி ஒன்றும் இருந்தது. அதன் கதை நம்மை நேராகத் தென்காசியில் கொண்டுபோய் விடப்போகிறது.

★

1990-ல் தென்காசி கோபுரத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. வெகுகாலம் மொட்டைக் கோபுரமாக நின்ற காசி விஸ்வநாதர் கோயில் ராஜகோபுரம், ஒன்பது நிலையாக 178 அடிக்கு மறுபடி எழும்பிக் குடமுழுக்குக் கண்ட வருடம் அது. சேகாவாவது, நின்டெண்டோவாவது. அந்தப் பெயர்களை ஊரில் கேள்விப்பட்டவர்களே அபூர்வம். வந்து சேர்ந்த பொருளுக்கு ஒரே பெயர்தான்: டிவி கேம்.

வந்த வழிகளில் முதன்மையானது கடல். கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்களுக்குச் சிங்கப்பூர் உறவு பல தலைமுறைப் பழையது. கடையநல்லூர்க்காரர்கள் அங்கே 1941-லேயே சங்கம் அமைத்துவிட்டார்கள். பிறகு வளைகுடா சேர்ந்துகொண்டது. விடுமுறைக்கு வரும் மாமாவின் பெட்டியில் கோடாலித் தைலத்துக்கும் சென்ட் பாட்டிலுக்கும் நடுவே, பழைய துணி சுற்றி, இரண்டு ரிமோட்டோடு அது வந்தது. சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் டிவி ஒளிபரப்பு ஒரே ‘பால்’ (PAL) முறை என்பதால் இங்கே செருகியதும் படம் வந்தது. சென்னைக்குப் போகிறவர்கள் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிவந்தார்கள். சாமுராய் போன்ற பெயர்கள் இந்தியச் சந்தையிலேயே கிடைத்தன.

குற்றாலத்தின் பங்கு சின்னதுதான், ஆனால் மறக்க முடியாதது. சாரல் விழத் தொடங்கியதும் பேரருவிக்குப் போகும் வழியெல்லாம் கடை முளைக்கும். மங்குஸ்தான், ரம்புட்டான், நேந்திரம் சிப்ஸ், துண்டு, சோப்பு, பொம்மை. அந்தப் பொம்மைக் கடைகளில்தான் கையடக்க பிரிக் கேமைப் பலரும் முதலில் பார்த்தோம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அப்பாக்கள் ஐந்தருவி வரிசையில் நிற்க, பிள்ளைகள் கடை வாசலை விட்டு நகர மாட்டார்கள். அருவியில் தண்ணீர் விழாத வருடங்கள் உண்டு. அந்தக் கடைகளில் கூட்டம் குறைந்த வருடத்தை நான் பார்த்ததில்லை.

ஆக, ஒரு தெருவில் இரண்டு வீட்டில் பெட்டி இருந்தால் போதும், கட்சி தொடங்கிவிடும். ஒரு வீட்டில் சாமுராய். எதிர் வீட்டில் மீடியா. பின் தெருவில் லிட்டில் மாஸ்டர்.

“ஏலே, ஒன் பெட்டில கான்ட்ரா தொங்குதாம்ல. எங்கதுல ஒரு தடவகூட நின்னதில்ல பாத்துக்க.”

“ஒங்கதுல கலரே வெளுத்துல்ல இருக்கு! எங்க மாமா சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்தது வே, ஒங்கப்பா மாதிரி பஜார்ல வாங்கினதில்ல.”

அப்பாவை இழுத்த பிறகு பேச்சு பேச்சாக இருக்காது. ஒருவன் கேசட்டை மற்றவனுக்கு இரவல் தர மாட்டான். போட்டால் கேசட் கெட்டுப்போகும், உங்கள் பெட்டி ‘வோல்ட்டேஜை இழுக்கும்’ என்பார்கள். கேசட் ஓடாவிட்டால் எடுத்து வாயால் ஊதிச் செருகுவதில் மட்டும் எல்லாக் கட்சிக்கும் ஒரே சடங்கு. வாயின் ஈரம் பட்டால் கேசட்டின் உலோகப் பற்கள் கெடும் என்று நின்டெண்டோ சொல்லியிருந்ததெல்லாம் மேலப்பாளையத்துக்கு இந்தப் பக்கம் யாருக்கும் எட்டவில்லை. டிவி கேம் ஆடினால் பிக்சர் டியூப் போய்விடும் என்ற பெரியவர்களின் சட்டமும் எல்லா வீட்டுக்கும் பொது.

இனிதான் அந்தச் சிப்.

நின்டெண்டோ 1983 ஜூலை 15-ல் ஜப்பானில் முதலில் வெளியிட்ட பெட்டியின் பெயர் ஃபேமிகாம். (அதே நாளில்தான் சேகாவும் தன் முதல் பெட்டியை வெளியிட்டது என்பதை இரண்டாம் அத்தியாயத்தில் பார்த்தோம்.) காவல் சிப் யோசனை பிறகு, அமெரிக்காவுக்குப் போகும்போதுதான் வந்தது. ஃபேமிகாமில் அது கிடையாது. பூட்டில்லாத வீடு. தைவான் கம்பெனிகள் உள்ளே நுழைந்தன. ரீகோ கம்பெனி நின்டெண்டோவுக்காகச் செய்துகொடுத்த இரண்டு முக்கியச் சிப்புகளையும் நகலெடுத்தன. யு.எம்.சி. செய்த நகல்கள் உலகமெங்கும் போயின. சில வருடங்களில் அத்தனையையும் ஒரே சில்லில் அடக்கி, மேலே கறுப்புக் கோந்தைப் பொட்டு மாதிரி வைத்து மூடிவிட்டார்கள். அறுபது பின் கேசட் எது கிடைத்தாலும் ஓடும்.

சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் எல்லாம் அந்த ஃபேமிகாம் வம்சம்தான்.

பின்பக்கத்து நான்கு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்திருந்தால், தெருவில் நடந்த சண்டை அத்தனையும் ஒரு நொடியில் சிரிப்பாகியிருக்கும். இரண்டு பேரும் ஆடியது நின்டெண்டோவை. இரண்டு பேருக்கும் அந்தப் பெயர் தெரியாது. நின்டெண்டோவுக்கும் இவர்களைத் தெரியாது, இவர்களிடமிருந்து ஒரு பைசாவும் போய்ச் சேரவில்லை. கூத்துக்கு மேல் கூத்தாக, நகல் பெட்டிகளில் பலவற்றின் வெளித்தோற்றத்தைச் சேகாவின் மெகா டிரைவ் (ஜெனிசிஸ் பெட்டிக்கு அமெரிக்காவுக்கு வெளியே அதுதான் பெயர்) மாதிரியே வடித்திருந்தார்கள். கறுப்பு நிறம், வட்ட மேடு, பெரிய எழுத்தில் பதினாறு பிட் என்ற பொய். சேகாவின் சட்டைக்குள் நின்டெண்டோவின் குடல். அமெரிக்காவில் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்த இரண்டு கம்பெனிகளைத் தைவான் பட்டறைக்காரன் ஒரே பிளாஸ்டிக்கில் சமாதானப்படுத்திவிட்டான். 1994-ல் அங்கிருந்து ‘சோமாரி’ என்றொரு திருட்டு கேசட்டும் வந்தது: சோனிக்கின் மைதானத்தில் மேரியோ ஓடுவார்.

அசல் சேகா இந்தியாவுக்கு வரவே இல்லையா? வந்தது. 1990-களின் நடுவில், விஸ்கிக்கும் பீருக்கும் பேர்போன ஷா வாலஸ் கம்பெனியோடு சேகா கைகோத்தது. முழுப் பெட்டியை இறக்குமதி செய்தால் 80 சதவீதத் தீர்வை, அதைத் தவிர்க்க உள்ளூர்க் கூட்டாளி. அப்படியும் விலை 18,000 ரூபாய். அன்றைக்கு அந்தக் காசுக்கு நல்ல கலர் டிவியே வாங்கலாம். தென்காசிப் பையன் ஒருவன் அந்த விலையை வீட்டில் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை எழுத வேண்டியதில்லை.

எனக்கு இதில் பிடிபடுவது ஒன்றுதான். ரசிகர் சண்டையைக் கம்பெனிகள் காசு கொட்டி உண்டாக்கின என்று அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அமெரிக்காவுக்கு அது சரியாக இருக்கலாம். நம் தெருவில் கேலி விளம்பரம் ஓடவில்லை, காலின்ஸ்கே வரவில்லை, பெட்டிகளுக்குள் வித்தியாசமும் இல்லை. சண்டை மட்டும் இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டிதான் வாங்க முடியும் என்பதே போதுமான காரணம். அதையும் பையன் தேர்ந்தெடுக்கவில்லை, மாமா கொண்டுவந்தார். தன் கைக்கு வந்தது மட்டமானது என்று தெரிந்தால் மாற்ற வழியில்லாதவன், அது மட்டமில்லை என்று நிரூபித்தே ஆக வேண்டும். இரண்டு பெட்டியும் வைத்திருந்த பணக்கார வீட்டுப் பையன் சண்டைக்கு வந்ததாக நினைவில்லை. அவன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தான். கம்பெனிகள் செய்ததெல்லாம், எரிகிற இந்த அடுப்பைக் கண்டுபிடித்து அதில் தங்கள் பானையை ஏற்றியதுதான்.

★

இப்போது 1991 ஜூன் மாதத் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். சிகாகோ, மின்னணுப் பொருள் கண்காட்சி. சோனிக் கடைக்கு வர இன்னும் மூன்று வாரம். சேகா தன் அரங்கில் முள்ளெலியை ஓடவிட்டிருக்கிறது. நின்டெண்டோ தன் புதிய சூப்பர் பெட்டியோடு வந்திருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் இந்த இரண்டு அரங்குக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது அரங்கு ஒன்றும் இருந்தது. சோனி. (சோனிக் வேறு, சோனி வேறு. வாசகர்கள் குழம்பினால் குற்றம் ஜப்பானியர்களுடையது.)

சோனியில் கென் குத்தராகி என்றொரு பொறியாளர். நின்டெண்டோவின் சூப்பர் பெட்டிக்குள் பாடுகிற ஒலிச் சிப்பை வடிவமைத்தவர் அவர். அந்த உறவில் 1988-ல் ஓர் ஒப்பந்தம் பிறந்தது: நின்டெண்டோ கேசட்டும் சி.டி.யும் ஒன்றாக ஓடும் பெட்டியைச் சோனி செய்து தன் பெயரிலேயே விற்கும். கண்காட்சியின் முதல் நாள் சோனி அதைப் பெருமையோடு அறிவித்தது. பெட்டியின் பெயர், இரண்டு சொல்லாகப் பிரித்து, பிளே ஸ்டேஷன்.

ஆனால் அந்த ஒப்பந்தத்தை நின்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி மறுபடி எடுத்துப் படித்திருந்தார். 1949 முதல் கம்பெனியைத் தனியாளாக ஆண்டுகொண்டிருந்த அந்த மனிதருக்கு வீடியோ கேம் ஆடவே பிடிக்காது, ஒப்பந்தம் படிக்க நன்றாக வரும். சி.டி.யில் வெளிவரும் ஆட்டங்களின் ஆதிக்கம் முழுக்கச் சோனியின் கைக்குப் போகிறது என்பதைக் கண்டார். கேசட்டுக்குப் பூட்டுப் போட்டுச் சம்பாதித்தவருக்கு, அடுத்த வீட்டின் சாவி வேறொருவரிடம் இருப்பது பொறுக்குமா? சத்தம் போடவில்லை. தன் அமெரிக்கக் கிளையின் இரண்டு முக்கிய ஆட்களை ரகசியமாக விமானம் ஏற்றினார். அவர்கள் போனது டோக்கியோவுக்கு அல்ல.

மறுநாள் காலை ஒன்பது மணி. நின்டெண்டோவின் ஹோவர்ட் லிங்கன் மேடை ஏறினார். விமானம் ஏறிய இருவரில் ஒருவர் அவர். எங்கள் சி.டி. கூட்டாளி யார் என்று இப்போது அறிவிக்கிறோம் என்றார். நேற்றுத்தானே கேட்டோம், இதில் என்ன புதுசு என்று நிருபர்கள் நோட்டைக்கூடத் திறக்கவில்லை.

அவர் சொன்ன பெயர் சோனி இல்லை.

(தொடரும்)